டவுன் வீட்டுக் குழு: கோமதி அத்தைக்கு லேசர்

கண்ணன்: அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விட்டும் வலது கண் பிரஷர் 26, இடது 23. எஸ்எல்டி லேசர் போடலாம் என்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

சங்கரன்: (பலமுறை பகிரப்பட்டது) நவீன லேசர்! கிளாக்கோமாவில் போன பார்வை ஐந்தே நிமிடத்தில் திரும்பும்! அனைவருக்கும் அனுப்புங்கள்!

சங்கரன்: அக்கா, இதைப் படி. இனிமேல் உனக்குக் கவலை இல்லை.

செல்வி: சித்தப்பா, முதலில் அதை அழியுங்கள். அதில் ஐந்து நிமிடம் என்பது மட்டும்தான் சரி. கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். நரம்பு பட்டுப்போனால் எந்த லேசரும் திருப்பித் தராது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும்.

கோமதி: பிறகு எதுக்கு அந்தச் செலவு? சவத்தைத் தள்ளு.

செல்வி: அத்தை, அப்படி விட முடியாது. கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழி ஓரத்தில் ஒரு சல்லடை வழியாக அது வடிய வேண்டும். வடியாவிட்டால் பிரஷர் ஏறி நரம்பை அழுத்தும்.

சங்கரன்: பாளையங்கால்வாயில் அமலை அடைத்த மாதிரி.

செல்வி: அதேதான் சித்தப்பா. எஸ்எல்டி அதில் ஓட்டை போடாது, பொசுக்கவும் செய்யாது. பச்சை ஒளி, ஒவ்வொரு துடிப்பும் 3 நானோ விநாடிதான். சல்லடையில் நிறமி உள்ள செல்களை மட்டும் தொடும். அதற்கப்புறம் நீர் வடிவது சுலபமாகும்.

மீனா: வலிக்குமா செல்வி? அத்தை இப்போதே பூஜை அறைக்குள் போய்விட்டார்கள்.

செல்வி: மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள் அக்கா. தாடையை ஊன்றி உட்கார வேண்டும். ஜெல் தடவிய லென்ஸ் ஒன்றைக் கண்மேல் வைப்பார்கள், ஜில்லென்று இருக்கும். தையல், படுக்கை எதுவும் கிடையாது. முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்து அனுப்புவார்கள். சில நாள் உறுத்தலாம். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை டாக்டர் சொல்லாமல் சொட்டை நிறுத்தக் கூடாது.

கோமதி: சொட்டா? ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் கிடக்கும். தேடி எடுத்து விட்டாலும் பாதி கன்னத்தில்தான் போகுது.

செல்வி: அது தெரிந்துதான் டாக்டர் லேசர் சொல்லியிருப்பார் 😀 இங்கிலாந்தில் 718 பேரை வைத்து லைட் என்று ஓர் ஆய்வு நடத்தி, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். முதலிலேயே லேசர் போட்டவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்று வருடத்திலும் சொட்டு இல்லாமல் கட்டுக்குள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள். அத்தைக்குச் சொட்டு முழுவதும் நிற்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். சில வருடத்தில் பலன் குறையலாம், குறைந்தால் மறுபடி போடலாம்.

மீனா: எங்கள் அம்மாவுக்கும் லேசரில் ஓட்டை போட்டார்களே?

செல்வி: அது ஐரிடாட்டமி. வடிகால் இருக்கும் கோணம் குறுகியவர்களுக்கு ஐரிஸில், அதாவது கண்ணின் நிற வளையத்தில், சின்னத் துளை போடுவது. அத்தைக்குக் கோணம் திறந்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் எஸ்எல்டி சொல்லியிருப்பார்கள். பெயர் இரண்டுக்கும் லேசர்தான், வேலை வேறு.

கண்ணன்: புரை ஆபரேஷன் செய்யும்போது ஸ்டென்ட் வைக்கலாம் என்றும் சொன்னார்.

செல்வி: ஆமாம் அத்தான், நீர் வடிய உள்ளே வைக்கும் குட்டிக் குழல். இந்த மாதிரிச் சின்னத் துளை ஆபரேஷனை மிக்ஸ் (MIGS) என்பார்கள். அதில் ஒரு வகையான ஐஸ்டென்ட் டைட்டானியத்தில் செய்தது. முதலில் வந்தது ஒரு மில்லிமீட்டர் நீளம்தான், அமெரிக்காவில் 2012இல் அனுமதி கொடுத்தார்கள். புரைக்குப் போட்ட அதே சின்னத் துளை வழியாகவே வைத்துவிடலாம். ஆனால் ஆரம்ப, நடுத்தர நிலைக்குத்தான் அது. கிளாக்கோமா முற்றிப்போனால், நீர் வடியப் புது வழி வெட்டும், 1968இலிருந்து செய்துவரும் ட்ராபெகுலெக்டமி ஆபரேஷனோ, நீரை வடிக்கும் பெரிய குழாயோதான். அந்தக் குழாயை நம் மதுரை ஆரோலேப் நிறுவனத்திலேயே செய்கிறார்கள். எனக்குக் கேட்டால், அத்தைக்குப் புரை முற்றும்வரை ஸ்டென்ட் பேச்சே வேண்டாம்.

செல்வி: அது சரி, சித்தப்பா கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?

சங்கரன்: எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியுதம்மா.

செல்வி: அத்தைக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், நமக்குத் தெரியாது. கூடப் பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். சொட்டு ஏதாவது விடுகிறீர்களா?

சங்கரன்: அரிப்புக்கு மெடிக்கலில் வாங்குவது. ரொம்ப நாளாகவே.

சங்கரன்: (படம்)

செல்வி: டெக்ஸாமெத்தசோன்! அது ஸ்டீராய்டு சித்தப்பா. சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் அதுவே பிரஷரை ஏற்றிவிடும். வியாழக்கிழமை அத்தையோடு நீங்களும் போங்கள், பாட்டிலையும் காட்டுங்கள். கண் விரிய மருந்து விடுவார்கள், பைக்கில் போகாதீர்கள்.

கோமதி: தம்பி, எட்டு மணிக்கு ஆட்டோ வரும். வாசலில் நில். நீ குளிக்கும்வரை நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

சங்கரன்: சரிக்கா.