பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பழைய மாணவர் குழு: சுண்டு பெயரில் ஒரு பரிசு

லீடர்: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் சுண்டுவின் நினைவு நாள். அவன் பெயரில் நம் பள்ளியில் ஒரு பரிசு வைக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசினேன், சரி என்றுவிட்டார். அறிவிப்புப் பலகைக்கு போஸ்டர் தயார். பார்த்துச் சொல்லுங்கள்.

லீடர்: "எல்லாத் தேர்விலும் நூற்றுக்கு நூறு பெற்ற கணித மேதை! 24 வயதில் மறைந்த எங்கள் வகுப்பின் ராமானுஜன்! அவர் நினைவாக, பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்குப் பரிசு."

ஓவியம்: அருமை 🙏

கடைசி பெஞ்ச்: நன்றாக இருக்கிறது லீடர். ஆனால் இது யாரைப் பற்றி?

லீடர்: இதில் என்ன விளையாட்டு?

கடைசி பெஞ்ச்: விளையாட்டே இல்லை. அவன் எப்போது நூற்றுக்கு நூறு வாங்கினான்? அரையாண்டில் 71. எனக்கு 67. "சுண்டுவே 71தான்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த வருடம் வீட்டில் தப்பித்தேன்.

பக்கத்து சீட்: 71தான், நான் சாட்சி. ஒரே கணக்கில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டான். விடை எப்போதோ வந்துவிட்டது. அப்புறம் அதையே வேறு வழியில் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கத்துக் கேள்விகளைத் தொடவே இல்லை.

கணக்கு டீச்சர்: அந்தத் தாளில்தான் √2 பஞ்சாயத்தும். √2 விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுத முடியாத எண் என்று நிரூபிக்க வேண்டும், ஐந்து மார்க். நாமெல்லாம் புத்தகத்தில் இருந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதினோம். அவன் எழுதியது மூன்றே வரி.

ஓவியம்: என்ன எழுதினான்? எனக்கு அந்தக் கணக்கே மறந்துவிட்டது.

கணக்கு டீச்சர்: √2 ஒரு பின்னம் என்று வைத்துக்கொள். அப்படியானால் மேலே உள்ள எண்ணின் வர்க்கம், கீழே உள்ள எண்ணின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கு. எந்த வர்க்க எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தாலும் அதில் 2 என்பது இரட்டைப்படைத் தடவைதான் வரும். அப்போது ஒரு பக்கம் இரட்டைப்படை. இன்னொரு பக்கம் ஒரு 2 கூடிவிட்டதால் ஒற்றைப்படை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க முடியாது. அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர்: அதற்கு ஒரு மார்க் கிடைத்தது. அவன் மார்க் கேட்கப் போகவில்லை. "இதில் ஓட்டை எங்கே சார்?" என்று மட்டும் கேட்டான். சார் தாளை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் அதையே கரும்பலகையில் எழுதி விளக்கினார். மார்க்கைத் திருத்த மறந்துவிட்டார். இவனும் நினைவுபடுத்தவில்லை. என் வகுப்பில் இப்போது நான் நடத்துவது அந்த மூன்று வரியைத்தான்.

லீடர்: இதெல்லாம் எனக்கும் தெரியும் பா. போய்ச் சேர்ந்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கடைசி பெஞ்ச்: நல்லதைச் சொல்லு. நடந்த நல்லதைச் சொல்லு. போஸ்டரில் இருக்கிறவனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

பக்கத்து சீட்: "ராமானுஜன்" வேண்டாம். அவனுக்கே பிடிக்காது. கணக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று எரிந்து விழுவான்.

கணக்கு டீச்சர்: பொருத்தமும் இல்லை. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களில் முடிவுகள்தான் நிறைய, நிரூபணம் அதிகம் இருக்காது. 1920-ல் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அவற்றை நிரூபிக்க ஆட்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்டு நேர் எதிர். நிரூபணம் இல்லாத ஒன்றை அவன் நோட்டில் எழுதக்கூட மாட்டான். 41 கதை ஞாபகம் இருக்கிறதா?

கடைசி பெஞ்ச்: அதை மறக்க முடியுமா!

ஓவியம்: நான் அன்று லீவு போல. சொல்லுங்கள்.

பக்கத்து சீட்: ஆய்லர் என்ற கணித மேதை 1772-ல் குறிப்பிட்ட சூத்திரம். ஓர் எண்ணை எடு. அதன் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டு, அப்புறம் 41 கூட்டு. 1 போட்டால் 43, 2 போட்டால் 47, 3 போட்டால் 53. எல்லாம் பகா எண். சார் வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பி ஒவ்வோர் எண்ணைப் போடச் சொன்னார். வந்துகொண்டே இருந்தது. வகுப்பே கைதட்டியது. இவன் உட்கார்ந்தபடியே, "41 போட்டால் எல்லாத் துண்டிலும் 41 இருக்குமே சார்" என்றான்.

கணக்கு டீச்சர்: அதேதான். 41 × 43 ஆகிவிடும். அதற்கு முன்னால் 40-லேயே உடைந்துவிடும், 41 × 41 வரும். 0 முதல் 39 வரை மட்டும் பகா எண். நாமெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தோம், அவன் பெருக்கவே இல்லை. பார்த்தான். திறமை என்று நான் சொல்வது இதைத்தான், 71-ஐயோ 100-ஐயோ அல்ல.

கடைசி பெஞ்ச்: கூடவே கொஞ்சம் திமிரும் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்டால் "யோசி" என்று ஒற்றை வார்த்தை. செஸ்ஸில் தோற்றால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டான்.

ஓவியம்: பிராக்டிகல் நோட்டில் படம் எல்லாம் நான்தான் வரைந்து கொடுத்தேன். ஒரு நன்றி சொன்னதில்லை. "இந்த வட்டம் வட்டமாக இல்லை" என்றான்.

லீடர்: 😂 சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஓவியம்: ஒன்று கேட்கலாமா? அவனுக்கு உண்மையில் என்னதான் ஆயிற்று? இதயம் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

டாக்டர்: ரூமாட்டிக் இதய நோய். சின்ன வயதில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றும். சரியாக மருந்து எடுக்காவிட்டால் சிலருக்குச் சில வாரம் கழித்து ரூமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டு வீங்கும், தானே வடிந்துவிடும், வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் போகாது. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும்.

பக்கத்து சீட்: மாதம் ஒருநாள் "மாமா வீட்டுக் கல்யாணம்" என்று லீவு போடுவானே, அது ஊசிக்குத்தான். எத்தனை மாமாடா உனக்கு என்று கேட்டதற்கு, "எண்ண முடியாத கணம்" என்றான்.

டாக்டர்: விளையாட்டு பீரியடில் ஓடாமல் உட்கார்ந்ததும் அதனால்தான். மூச்சு வாங்கும். கேட்டால் சோம்பேறித்தனம் என்று அவனே சொல்லிக்கொள்வான். கல்லூரியில் இருக்கும்போது வால்வு மாற்றினார்கள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் மறுபடி சிக்கல். அதற்குமேல் நான் எழுதவில்லை, அது அவன் வீட்டு விஷயம்.

டாக்டர்: ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பக்கத்து சீட்: ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது ஏபெல் பற்றிப் பேசினான். நார்வேக் கணிதர், 1829-ல் காசநோயில் 26 வயதில் இறந்தவர். பெர்லினில் வேலை உறுதி என்று நண்பர் கடிதம் எழுதினார், ஏபெல் இறந்து இரண்டு நாளாகியிருந்தது. நான் உச்சுக்கொட்டினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லோரும் அந்தக் கடிதத்தையே பிடித்துக்கொள்கிறீர்கள். ஐந்தாம்படிச் சமன்பாட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை" என்றான்.

ஓவியம்: அது என்ன?

கணக்கு டீச்சர்: இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் படித்தோம் இல்லையா? மூன்று, நான்கு படிக்கும் உண்டு. ஐந்துக்கு அப்படி ஒரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று ஏபெல் 1824-ல் காட்டினார். அதுவரை இருநூறு வருடத்துக்கு மேல் தேடியிருக்கிறார்கள்.

லீடர்: சரி பா. போஸ்டரிலிருந்து நூற்றுக்கு நூறு, ராமானுஜன், 24 வயது மூன்றையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் முதல் மார்க் இல்லாவிட்டால் பரிசை யாருக்குக் கொடுப்பது? பள்ளிக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா?

கணக்கு டீச்சர்: மாதம் ஒரு கணக்கைப் பலகையில் ஒட்டலாம். எந்த வகுப்புப் பிள்ளையும் போடலாம். விடை மட்டும் போதாது, ஏன் என்று எழுத வேண்டும். தாள்களை நான் திருத்துகிறேன். வேறு வழி கண்டுபிடித்தால் அதற்கும் பரிசு.

டாக்டர்: செலவில் பாதி என்னுடையது.

பக்கத்து சீட்: அவன் அக்காவிடம் இப்போதுதான் பேசினேன். நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம். அதிலிருந்தே கணக்கு எடுக்கலாம் என்றார்கள். போஸ்டரில் போட்டோ வேண்டாம் என்று அம்மா சொன்னார்களாம், பெயர் போதுமாம்.

லீடர்: போட்டோவை எடுத்துவிட்டேன்.

பக்கத்து சீட்: முதல் கணக்கு நான் சொல்கிறேன், பத்தாம் வகுப்பில் என்னைப் படுத்தி எடுத்தது. அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் வர்க்க எண் வரும். ஏன்?

கடைசி பெஞ்ச்: இரு. 1 × 2 × 3 × 4 = 24, கூட்ட 1, 25. சரி. அடுத்தது 121. அதுவும் சரி. அடுத்தது 361, 19-இன் வர்க்கம். அதற்கடுத்தது 841, 29-இன் வர்க்கம். நாலும் வருகிறது. பரிசை அனுப்பிவிடுங்கள்.

கணக்கு டீச்சர்: அந்தச் சூத்திரம் நாற்பது தடவை வந்துவிட்டு உடைந்ததே!

கடைசி பெஞ்ச்: ஐயோ.

பக்கத்து சீட்: ஒரு துப்பு. ஓரத்தில் உள்ள இரண்டு எண்ணையும் பெருக்கிப் பார், நடுவில் உள்ள இரண்டையும் பெருக்கிப் பார்.

கடைசி பெஞ்ச்: 4, 6. அடுத்தது 10, 12. அடுத்தது 18, 20. எப்போதும் 2தான் வித்தியாசம். அதனால்?

பக்கத்து சீட்: யோசி.

கடைசி பெஞ்ச்: டேய்!

லீடர்: இங்கே யாரும் விடை போடக் கூடாது, என் பையனும் எழுதப் போகிறான். போஸ்டரை மாற்றி ராத்திரிக்குள் அனுப்புகிறேன்.