ஆபீஸில் “நீங்க எந்த டீம்?” என்று கேட்டால்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை ஒப்பந்தம், கார் இன்சூரன்ஸ், டிரைவிங் டெஸ்ட், நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும், இதெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை ஆபீஸிலும், பிள்ளைகளின் பள்ளி வாசலிலும், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதும்கூட அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒரு கேள்வி வரும்: நீங்கள் ‘லாங்ஹார்ன்’ ஆளா, ‘ஆகி’ ஆளா?

2011 ஆகஸ்டில் ஐந்து வயது மகளோடு ஆஸ்டினில் வந்து இறங்கியபோது எனக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியாது. அந்த நவம்பரில் என் மேனேஜர் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாக ஓர் அமெரிக்கர் வீட்டுக்குப் போகிறோம், நல்லதாக உடுத்துவோம் என்று அரக்குக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் பாட்டி முதல் நாய்க்குட்டி வரை ஒரே நிறம், சுட்ட செங்கல் மாதிரி ஓர் ஆரஞ்சு. அது ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின், அதாவது யூ.டி.யின் நிறம், அவர்கள்தான் லாங்ஹார்ன். நம் அரக்கு இருக்கிறதே, அது காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இருக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் நிறம், அவர்கள்தான் ஆகி. அன்று ராத்திரிதான் இவர்கள் இரண்டு பேருக்கும் மேட்ச். ஒரு நொடி அமைதி, அப்புறம் வீடே சிரித்தது. மூலையில் அரக்கு டி-ஷர்ட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் என்னைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அவர் பக்கத்திலேயே இடம் போட்டார்கள்.

கடைசி நொடியில் யூ.டி.யின் ஜஸ்டின் டக்கர் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோலில் யூ.டி. 27–25 என்று ஜெயித்தது. வீடு குதித்தது. மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போய் இருட்டில் நின்றுகொண்டார். ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு என்று நினைத்தேன். தோற்றதற்காக மட்டும் அவர் அப்படி நிற்கவில்லை, இனி இந்த மேட்சே கிடையாது என்பதற்கும் சேர்த்துத்தான் என்று பாத்திரம் துடைக்கும்போது மேனேஜரின் மனைவி சொன்னார்.

ஏன் கிடையாது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆட்டத்தின் விதிகளைக்கூட மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு அவசரமில்லை. ஆனால் இங்கே ஆபீஸில் ஆட்களுக்குள் இருக்கும் பாதி மனத்தாங்கல் இந்தக் கதையிலிருந்துதான் வருகிறது.

கான்ஃபரன்ஸ் என்றால் நம் ஆபீஸ் மீட்டிங் இல்லை, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டணி. முதலில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து வருஷா வருஷம் ஆடிக்கொள்வதற்கு ஏற்பட்டது. டெக்சஸில் அப்படி சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று ஒன்று 1914இல் ஆரம்பித்து 1996 வரை இருந்தது. அது கலைந்ததும் யூ.டி., ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பேய்லர் நான்கும் வடக்கே இருந்த பிக் எய்ட் என்ற பழைய கூட்டணியோடு சேர்ந்து பிக் 12 என்ற புதுக் கூட்டணி ஆனது. அதற்குள் கூட்டணியின் அர்த்தமே மாறிவிட்டது. யாரோடு ஆடுகிறோம் என்பதைவிட டிவி சேனல் எவ்வளவு கொடுக்கும், அதை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் பேச்சு. 2011இல் யூ.டி.க்கு மட்டும் ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு டிவி நிறுவனம் ஒரு தனி சேனலே தொடங்கியது, 20 வருஷத்துக்கு 300 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கூட்டுக்குடும்பத்தில் ஒருவனுக்கு மட்டும் தனிக் கணக்கும் தனி அடுப்பும் வந்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? ஏ அண்ட் எம் கிளம்பிவிட்டது. 2012இல் தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டணியில் போய்ச் சேர்ந்தது. 1894இல் முதல் ஆட்டம், 1915 முதல் ஒரு வருஷம்கூடத் தவறாமல், மொத்தம் 118 மேட்ச் ஆடிய இரண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம்தான்.

யார் முதலில் “உன்னோடு ஆட மாட்டேன்” என்றது என்று தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள். ஆரஞ்சு ஆளிடம் ஒரு பதில், அரக்கு ஆளிடம் ஒரு பதில், இரண்டுமே முக்கால் மணி நேரம் ஓடும்.

இந்தப் பிரிவு நடந்த 13 வருஷமும் வேடிக்கையானது. இரண்டு பல்கலைக்கழகங்களின் மைதானப் பாட்டிலும் எதிராளியின் பெயர் இருக்கிறது. ஆடவே செய்யாதவனை வாராவாரம் பாட்டில் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் இவர்கள் கட்டாயம் ஆட வேண்டும் என்று மசோதாகூடக் கொண்டுவந்து பார்த்தார்கள், நிறைவேறவில்லை. 2021 ஜூலையில் திடீரென்று யூ.டி.யும் பக்கத்து மாநிலத்து ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் தாங்களும் எஸ்.இ.சி.க்குப் போவதாகச் செய்தி வந்தது. டெக்சஸிலிருந்து அந்தக் கூட்டணியில் நாங்கள் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஏ அண்ட் எம். ஆனால் ஓட்டெடுப்பு வந்தபோது 14–0, அதில் அவர்களின் ஓட்டும் உண்டு. எங்கள் ஆபீஸில் அந்த வாரம் அரக்குக்காரர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டைவிட்டு ஓடியதே அவனிடமிருந்து தப்பிக்கத்தான், இப்போது அவனே பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான் என்றார் ஒருவர்.

2024இல் யூ.டி. சேர்ந்தது. நவம்பர் 30ஆம் தேதி, காலேஜ் ஸ்டேஷனில் கைல் ஃபீல்டு ஸ்டேடியத்தில், 13 வருஷம் கழித்து மேட்ச். யூ.டி. 17–7. அடுத்த வருஷம் நவம்பர் 28, ஆஸ்டினில். அதுவரை அந்த சீசனில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் வந்த ஏ அண்ட் எம் இங்கே 27–17 என்று தோற்றது. இனி ஒவ்வொரு வருஷமும் தேங்ஸ்கிவிங் சமயத்தில் இது வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரக்கடைசியில் ஆஸ்டினுக்கோ காலேஜ் ஸ்டேஷனுக்கோ ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டத் திட்டம் போடாதீர்கள், ஹோட்டல் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். மற்ற ஹோம் மேட்ச் சனிக்கிழமைகளிலும் இதே கதைதான். ஸ்டேடியத்துக்கு நடக்கும் தூரத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வருஷத்து மேட்ச் அட்டவணையைப் பாருங்கள். கைல் ஃபீல்டில் மட்டும் 1,02,733 பேர் உட்காரலாம்.

உட்காரலாம் என்று சொன்னேனே தவிர, மாணவர்கள் யாரும் உட்காருவதில்லை. மேட்ச் முழுக்க, மூன்றரை மணி நேரம், நிற்பார்கள், அது அவர்கள் மரபு. செப்டம்பர் வெயிலில் போகிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பை மட்டும்தான் அனுமதி. கைப்பை கொண்டுபோய் வாசலில் திரும்பி, காரில் வைத்துவிட்டு வந்து முதல் கால்வாசி ஆட்டத்தை விட்டவள் நான்.

ஏ அண்ட் எம்மில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர் என்ற கட்டடத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றுங்கள், சுற்றியிருக்கும் புல்லில் கால் வைக்காதீர்கள், போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவிடம் அது. முன்பின் தெரியாதவர்கள் “ஹவ்டி” என்பார்கள், பதிலுக்கு நீங்களும் சொன்னால் போதும். கட்டைவிரலை உயர்த்தினால் அவர்கள் சின்னம். ஆஸ்டின் பக்கம் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டினால் மாட்டுக் கொம்பு, அது யூ.டி. அதைத் தலைகீழாகக் காட்டுவது கெட்ட வார்த்தைக்குச் சமம். போட்டோவுக்கு விளையாட்டாகக்கூட, அதுவும் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது, செய்யாதீர்கள். அப்புறம் அங்கே படித்தவர்கள் போடும் அந்த மோதிரம். ஏ அண்ட் எம் மோதிரம் போட்ட ஒருவர் இன்னொருவர் கையில் அதைப் பார்த்துவிட்டால் இன்டர்வியூ அறையின் காற்றே மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள். யூ.டி. மேட்சுக்கு முன்னால் ஏ அண்ட் எம் மாணவர்கள் பெரிய பெரிய மரங்களை அடுக்கி மலைபோலச் சொக்கப்பனை எரிப்பது வழக்கமாக இருந்தது. 1999 நவம்பர் 18 விடியற்காலையில், கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு நாள் கழித்து நடந்த மேட்சில் யூ.டி. இசைக்குழுவினர் மைதானத்தில் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததை ஏ அண்ட் எம் ஆட்கள் இன்றைக்கும் குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். இவ்வளவு திட்டிக்கொள்பவர்கள் ஏன் அந்த மேட்ச் நின்றபோது அப்படி ஏங்கினார்கள் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

பே ஏரியாவிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் “எங்களுக்கும் சொல்லுங்கள் அக்கா” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மேற்குக் கரையில் பேக் 12 என்று இருந்த கூட்டணி 2023 ஆகஸ்டில் கிட்டத்தட்டக் காலியானது. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்களும், ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற கூட்டணிக்குப் போய்விட்டன. அதனால் லாஸ் ஏஞ்சலஸ் யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிர்க்கரை நியூ ஜெர்சிக்காரர்கள் இப்போது கூட்டணிக் கூட்டாளி. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்தது அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில். ஆமாம், பசிபிக் காற்று வாங்கிக்கொண்டு அட்லாண்டிக் கரை. பிக் டென்னில் 18 பேர், பிக் 12இல் 16 பேர், கணக்கு கேட்காதீர்கள். அம்போ என்று விடப்பட்டது ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். சியாட்டில் ஆபீஸில் உங்கள் பக்கத்து மேஜைக்காரர் வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தவர் என்றால் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். 2024இல் பிரிந்த பிறகு நடந்த முதல் மேட்சில் அவர்கள் வாஷிங்டனை 24–19 என்று ஜெயித்தார்கள், அதை மட்டும் எடுக்கலாம், காபி வாங்கிக் கொடுப்பார். ஓக்லஹோமா பக்கம் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அங்கே ஓக்லஹோமா ஸ்டேட்டோடு இருந்த பழைய சண்டை 2023 நவம்பரோடு நின்றுபோய் அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

சாப்பாடு கேட்டவர்களுக்கு: டெயில்கேட் என்பது மேட்சுக்கு முன்னால் கார் பார்க்கிங்கில் அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுவது. சைவம் என்றால் சிப்ஸும் சோளமும்தான் கிடைக்கும், நீங்களே எதையாவது எடுத்துப் போங்கள். நான் மசாலா வடை கொண்டுபோவேன். பத்து நிமிஷம் தாங்காது.

எந்த டீம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். “இப்போதுதான் வந்திருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள், யார் பக்கம் சேரலாம்?” என்று கேளுங்கள். மதியம் சாப்பாட்டுக்குத் துணை கிடைத்துவிடும். “இரண்டு பேரும் பிடிக்கும்” என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு பக்கமும் உங்களை நம்ப மாட்டார்கள்.

என் கதை? நான் 14 வருஷமாக ஆரஞ்சு ஊரில் சம்பளம் வாங்குகிறேன். மகள் 2024இல் ஏ அண்ட் எம்மில் சேர்ந்தாள், போகும்போது அந்த அரக்குப் புடவையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் வருஷா வருஷம் தேங்ஸ்கிவிங் அன்று எனக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவார். 2025இல் வியாழக்கிழமை காலையிலேயே ஐந்து கட்டைவிரல் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் முடிந்ததும் நான் அவருக்கு ஒரு வடை படம் அனுப்பினேன். திங்கட்கிழமைதான் பதில் போட்டார்.