ஸ்பைஸ் முடிவுகளை எக்செல்லுக்குக் கொண்டுபோகும்போது: உங்கள் அனுபவங்கள்

அலைவடிவம்:
ஸ்பைஸ் என்ற மின்சுற்றுச் சிமுலேஷன் மென்பொருளின் முடிவுகளை அட்டவணையாக எடுத்துக் கணக்குப் போடும்போது நீங்கள் பார்த்த சிக்கல்களை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

இறுதியாண்டு மாணவர் ஒருவர் பக் கன்வெர்ட்டர் (டிசி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) ஒன்றோடு வந்தார். 12 வோல்ட் உள்ளீடு, 5 வோல்ட் வெளியீடு, 100 கிலோஹெர்ட்ஸ். ஸ்விட்சும் இண்டக்டரும் சேரும் ஸ்விட்ச் முனையின் மின்னழுத்தத்தை டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து, எக்செல்லில் அந்தப் பத்திக்குச் சராசரி போட்டிருந்தார். சுற்று நிலைபெற்ற பிறகு இண்டக்டருக்குக் குறுக்கே சராசரி மின்னழுத்தம் பூஜ்யம். அதனால் ஸ்விட்ச் முனையின் சராசரியும் 5 வோல்ட்டை ஒட்டித்தான் வர வேண்டும். வந்ததோ ஐந்தரைக்கு மேல். டயோடு மாடலை மாற்றினார், இண்டக்டரை மாற்றினார், எண் அசையவில்லை. சுற்றில் ஒரு கோளாறும் இல்லை.

ஸ்பைஸ் நேரத்தைச் சம இடைவெளியில் வெட்டுவதில்லை. மின்னழுத்தம் சட்டென்று மாறும் இடத்தில் நேர அடியை, அதாவது அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள நேரத்தை, சுருக்கும், சும்மா இருக்கும் இடத்தில் நீட்டும். சில நானோ நொடி நீளும் ஏற்றத்தில் ஏகப்பட்ட வரிசைகள். நான்கு மைக்ரோ நொடி நீளும் சமதளத்தில் கொஞ்சம்தான். எக்செல்லோ சராசரியில் எல்லா வரிசைக்கும் ஒரே எடை கொடுக்கிறது. ஏற்ற இறக்கப் புள்ளிகள் 0-க்கும் 12-க்கும் நடுவே சிதறிக் கிடப்பதால் சராசரியை 6 பக்கம் இழுத்துவிட்டன. அடுத்தடுத்த நேரங்களின் வித்தியாசத்தை ஒரு பத்தியில் போட்டு, இரண்டு மின்னழுத்தங்களின் நடுமதிப்பால் பெருக்கி, கூட்டி, மொத்த நேரத்தால் வகுத்தோம். 5 வந்தது. ஸ்பைஸின் மெஷர் கட்டளையில் சராசரி கேட்டாலும் அதே விடைதான்.

மின்தடை47கே:
அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டியிலும் இதே கதைதான். ஸ்பைஸின் ஒரு வகையான எல்டிஸ்பைஸில் சுத்தமான 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து ஹார்மானிக்ஸ் (அந்த அதிர்வெண்ணின் மடங்குகள்) பார்த்தேன். இரைச்சல் தரை (வரைபடத்தின் அடியில் பரவிக் கிடக்கும் இரைச்சலின் மட்டம்) மேலே ஏறி நின்றது, மூன்றாவது ஹார்மானிக் அதற்குள்ளே முழுகிப்போயிருந்தது. கோப்பு பெருத்துவிடாமல் இருக்க எல்டிஸ்பைஸ் அலைவடிவத்தைச் சுருக்கித்தான் சேமிக்கும். ஆப்ஷன்ஸ் வரியில் சுருக்கத்தை நிறுத்த பிளாட்வின்சைஸ் 0, எண்களின் துல்லியத்தைக் கூட்ட நம்டிஜிட் 7 என்று வைத்து, அதிகபட்ச நேர அடியையும் இறுக்கினேன். தரை கிடுகிடுவென்று இறங்கியது.

இன்னொரு வகையான என்ஜிஸ்பைஸை ஓட்டுபவர்கள் எஃப்எஃப்டி போன்ற ஃபூரியே வேலைக்கு முன்னால், புள்ளிகளைச் சம இடைவெளிக்கு மாற்றும் லீனியரைஸ் கட்டளையைக் கொடுக்க மறக்காதீர்கள். ஆனால் அது இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே இட்டு நிரப்புவது மட்டும்தான். மூலத்தில் அடி அகலமாக இருந்தால் இட்டு நிரப்பியதில் புதிய உண்மை எதுவும் வராது.

ஓம்விதி:
என் அனுபவம் சின்னது. முடிவுகளைக் கோப்பில் எழுதும் என்ஜிஸ்பைஸின் ரைட்டேட்டா கட்டளையில் இரண்டு முனைகளைக் கேட்டால் நேரப் பத்தி இரண்டு தடவை வரும். எங்கள் பிரிவில் ஒருவர் மூன்றாம் பத்தியை மின்னழுத்தம் என்று நினைத்து வரைய, அழகான சாய்கோடு கிடைத்தது! சிங்கிள்ஸ்கேல் அமைப்பை முதலில் போட்டுவிட்டால் நேரம் ஒரு தடவைதான் வரும். ஏசி அலசலில் (அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்கும் அலசல்) மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று தனித்தனிப் பத்திகள் வரும்; டெசிபல் வேண்டுமென்றால் கட்டளையிலேயே கேட்டு வாங்குங்கள்.

பழையசர்க்யூட்:
நேரத்தோடு மாறும் சிமுலேஷனை ஓட்டச் சொல்லும் ட்ரான் வரியின் முதல் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அதை, ஸ்பைஸ் கணக்கிடும் நேர அடி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஸ்பைஸ் 1973-ல் பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் எழுதியது. அந்த நாளில் முடிவெல்லாம் லைன் பிரிண்டரில்தான் வரும்: இடப்பக்கம் எண்கள், பக்கத்தில் நட்சத்திரக் குறிகளால் வரைந்த கோடு. அந்தத் தாளில் எத்தனை நேரத்துக்கு ஒரு வரி அச்சாக வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. உள்ளே அடி எப்படி இருந்தாலும் தாளில் வரும் அட்டவணை சம இடைவெளியில் இருக்கும். இன்று நாம் எடுக்கும் கோப்பில் அந்தச் சமன் இல்லை. உண்மையிலேயே அடியைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் நான்காவது எண்ணாக அதிகபட்ச அடியைக் கொடுங்கள்.

நட்சத்திரக் கோடு இன்னும் போகவில்லை. திரை இல்லாத சர்வரில் வேலை பார்க்கும்போது என்ஜிஸ்பைஸின் ஆஸ்கிபிளாட்டைத்தான் நம்பியிருக்கிறேன். அருமையான வசதி.

அலைவடிவம்:
நன்றி. இன்னொன்று: எல்டிஸ்பைஸில் வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து தரவுப் புள்ளிகளைக் காட்டச் சொல்லலாம். என்ஜிஸ்பைஸில் பிளாட் கட்டளையோடு பாயின்ட்பிளாட் சேர்த்தால் போதும். அந்த மாணவருக்கு அதைப் போட்டுக் காட்டியதும், ஏற்றத்தில் அப்பிக் கிடந்த புள்ளிகளைப் பார்த்து உடனே புரிந்துகொண்டார். பாகங்களின் மதிப்பைத் தற்செயலாக மாற்றி மாற்றி ஓட்டும் மான்டே கார்லோ ஓட்டங்களை ஒரே அட்டவணையில் சேர்க்கும் வழி யாருக்காவது கைவந்திருந்தால் எழுதுங்கள்; ஒவ்வொரு ஓட்டத்திலும் நேரப் பத்தி வேறு வேறாக வருகிறது.