மாலை வகுப்பை மூடிட்டு ஆப் குடுத்தா போதும்னு சொன்னவருக்கு

மாலைவகுப்பு மணி:
நேத்து நம்ம மன்றத்துல பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருந்தார். வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற பெரியவங்களுக்கு இனிமே வகுப்பறையே தேவையில்லையாம், சமுதாயக் கூடத்துல நடக்குற மாலை வகுப்பை எல்லாம் மூடிட்டு அந்தப் பணத்துல ஆளுக்கு ஒரு ஆப் குடுத்தா அவங்கவங்க நேரத்துக்கு படிச்சுப்பாங்களாம். படிச்சதுல இருந்து மனசு ஆறல. யார் வேணா சேரலாம்னு திறந்துவிட்ட ஆன்லைன் கோர்ஸை எத்தனை பேர் முடிக்கிறாங்கன்னு இவங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவுல எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல நடத்தின கோர்ஸ்களோட 2012ல இருந்து 2018 வரைக்குமான கணக்கை எடுத்து ஆராய்ச்சியாளர்கள் ஜஸ்டின் ரீச்சும் ரூயிபெரஸ் வாலியன்டேயும் 2019ல சயன்ஸ் இதழ்ல எழுதினாங்க. 2017-18ல சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13 சதவீதம். நூத்துக்கு மூணு பேர்! 2014-15ல ஆறு கிட்ட இருந்தது, இறங்கி இறங்கி மூணுக்கு வந்திருக்கு. என் வகுப்புல நூத்துக்கு மூணு பேர் முடிச்சா மறுநாளே கூடத்துக்குப் பூட்டு போட்டுடுவாங்க.

கோர்ஸ்பில்டர்:
அந்த "ஒருத்தர்" நான்தான் சார், பேர் சொல்லியே திட்டலாம். நீங்க சொன்ன அதே கட்டுரையில, காசு கட்டி சர்டிபிகேட்டுக்குப் பதிஞ்சவங்கள்ல 46 சதவீதம் முடிச்சிருக்காங்க. அதை ஏன் விட்டீங்க? பதிவு பண்ணவங்கள்ல பாதிக்கு மேல கோர்ஸ் உள்ளேயே நுழையல. சும்மா பட்டனை அமுக்கிட்டுப் போனவனை எல்லாம் கணக்குல சேர்த்தா மூணுதான் வரும். வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கிட்டுப் போய் திரும்பியே வராதவங்களை நீங்க உங்க கணக்குல சேர்க்கிறீங்களா?

மாலைவகுப்பு மணி:
46 முந்தின வருஷம் 56ஆ இருந்தது தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. காசு கட்டினவன்னா ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு வந்தவன், அவன் எங்க விட்டாலும் படிப்பான். எனக்கு வர்றவங்க அப்படி இல்ல. பகல் பூரா நின்னு வேலை செஞ்சுட்டு, பிள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு, இருபது முப்பது வருஷத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல வாங்கின அவமானத்தை நெஞ்சுல வச்சுக்கிட்டு கதவுகிட்ட தயங்கி நிக்கிறவங்க. இவங்களுக்கு உங்க 46 பொருந்தாது, மூணுதான் பொருந்தும்.

கோர்ஸ்பில்டர்:
முதல்ல "தம்பி" வேண்டாம், எனக்கு உங்களைத் தெரியாது. ரெண்டாவது, 46.

வெல்டிங் செல்வம்:
தம்பின்னா என்ன கொறஞ்சு போச்சு, மரியாதையாத்தானே கூப்பிடுறாரு. ரெண்டு பேரும் நம்பரைப் புடிச்சுத் தொங்குறீங்க. நான் பட்டறைப் பயிற்சி குடுக்குறவன், என்கிட்ட நிஜ நெருப்பு இல்லாம வெல்டிங் பழகுற சிமுலேட்டர் இருக்கு. கை எந்தக் கோணத்துல போகுது, ராடு எவ்வளவு தூரத்துல இருக்கு, வேகம் என்ன, எல்லாம் திரையில காட்டும். புதுப் பையன் ராடை வீணாக்காம நாள் முழுக்க பழகலாம். ஆனா அதுல நல்ல மார்க் எடுத்தவன் நிஜ இரும்புகிட்ட வந்ததும் திணறுவான், ஏன்னா சூடு முகத்துல அடிக்கும், புகை வரும், குனிஞ்சு முழங்கால் போட்டு நிக்கணும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல எரியுற ஆர்க் நீளமாப் போனா சத்தம் மாறும், பொறி தெறிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு நான் பின்னாடி இருந்து "கிட்ட கொண்டு வா"ம்பேன். சிமுலேட்டர் வேணும், நானும் வேணும். இதுல எத்தனை சதவீதம்னு யாரும் என்னைக் கேக்காதீங்க.

சும்மா படிக்கிறவன்:
ஒரு சந்தேகம். "முடிச்சான்"னு நீங்க எல்லாரும் எதைச் சொல்றீங்க? நான் ஒரு கணக்குப்பதிவு கோர்ஸ்ல எனக்கு வேண்டிய ரெண்டு பாடத்தை மட்டும் படிச்சேன், வேலைக்கு உதவிச்சு, மீதியைத் தொடல. நான் முடிச்சவனா, விட்டவனா?

மாலைவகுப்பு மணி:
செல்வம் சொன்னதைத்தான் நானும் சொல்றேன், பின்னாடி ஒரு ஆள் நிக்கணும். இது புதுசு இல்ல. 1840ல இங்கிலாந்துல ஐசக் பிட்மேன் தபால்லயே சுருக்கெழுத்து சொல்லிக்குடுத்தாரு, ஆனா பாடத்தை அனுப்பினதோட விடல, அவங்க எழுதி அனுப்பினதைத் திருத்தித் திருப்பி அனுப்பினாரு. அங்கேயே வீட்டுல இருந்தே படிக்கிறவங்களுக்கான ஓப்பன் யுனிவர்சிட்டி 1969ல ஆரம்பிச்சு 71ல முதல் மாணவர்களைச் சேர்த்தது, டிவியிலயும் ரேடியோவுலயும் பாடம் போட்டாங்க, ஆனா கூடவே டியூட்டர் வச்சாங்க, கோடையில நேருல கூப்பிட்டும் வகுப்பு நடத்தினாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது இன்னைக்கு ஆப் விக்கிறவங்களுக்குத் தெரியல, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க, ஆளுக்கு சம்பளம் குடுக்கணுமே. நூத்துக்கு மூணு.

கோர்ஸ்பில்டர்:
ஓப்பன் யுனிவர்சிட்டியை உங்க பக்கம் இழுக்காதீங்க சார். வேலையை விட முடியாதவங்க, வீட்டை விட்டு வர முடியாதவங்க எல்லாம் பட்டம் வாங்கினது டெக்னாலஜியாலதான். உங்க வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. நைட் ஷிப்ட் போறவன் என்ன பண்ணுவான்? படுத்த படுக்கையா இருக்குற அம்மாவைப் பார்த்துக்கிற பொண்ணு என்ன பண்ணும்? சக்கர நாற்காலி ஏறாத மாடியில வகுப்பு வச்சிருக்கிற இடங்கள் எத்தனை? இவங்க எல்லாம் உங்க கணக்குல வரவே மாட்டாங்க, ஏன்னா சேரவே முடியாது. சேர முடியாதவனை விட்டுட்டு, வந்தவங்களை மட்டும் எண்ணி "எங்க வகுப்புல எல்லாரும் முடிச்சாங்க"ன்னு பெருமை வேற. வராதவனை என் கணக்குல சேர்த்தீங்கல்ல, உங்க கணக்குலயும் சேருங்க பார்ப்போம்.

தையல் டீச்சர்:
இதுக்கு மட்டும் கோர்ஸ்பில்டர் சொல்றதுதான் சரி, மணி சார் கோவிச்சுக்காதீங்க. நான் மிஷின்ல உக்காந்து ஜாக்கெட்டுக்குக் கை வச்சுத் தைக்கிறதைக் காட்டினா சுத்தி நிக்கிறவங்களுக்கு என் முதுகுதான் தெரியும். போனை மேல மாட்டி வீடியோ எடுத்துப் போட்டேன், இடது கை விரல் துணியை எப்படி மெதுவா தள்ளிக் குடுக்குதுன்னு அப்பத்தான் எல்லாரும் பார்த்தாங்க. ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை வேணாலும் பார்க்கலாம், "டீச்சர் இன்னொரு தடவை"ன்னு கேக்கக் கூச்சப்படுற பொண்ணுங்க வீட்டுல பார்த்துட்டு வந்து மறுநாள் சுருக்கம் விழாம ஜாக்கெட் கையை ஏத்தினாங்க. வகுப்புல எனக்கு நேரம் மிச்சமாச்சு, ஒவ்வொருத்தர் துணியையும் கையில எடுத்துப் பார்க்க முடிஞ்சுது.

மாலைவகுப்பு மணி:
டீச்சர், நீங்க சொல்றது வகுப்புக்கு உதவியா டெக்னாலஜி. அவர் சொல்றது வகுப்புக்குப் பதிலா டெக்னாலஜி. அதைத்தானே நான் முதல் வரியில இருந்து கத்திக்கிட்டு இருக்கேன். உங்க பொண்ணுங்க மறுநாள் உங்ககிட்ட வந்தாங்க, அதனாலதான் அந்த வீடியோ வேலை செஞ்சுது. 1983லயே கல்வி ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் கிளார்க் எழுதிட்டாரு, கத்துக்கிறதுக்குக் காரணம் ஊடகம் இல்ல, சொல்லிக்குடுக்குற முறைதான்னு.

கோர்ஸ்பில்டர்:
இன்னொரு ஆராய்ச்சியாளர் கோஸ்மா அதுக்கு மறுப்பு எழுதினதையும் சொல்லிடுங்க சார், பாதி மட்டும் சொல்றது உங்களுக்குப் பழக்கமாயிடுச்சு. இன்னொண்ணு, கிளார்க் சொன்னது சரின்னே வச்சாலும் அது உங்களுக்கு எதிராத்தான் வருது. ஊடகம் முக்கியம் இல்லன்னா வகுப்பறையும் ஒரு ஊடகம்தானே? அதை மட்டும் ஏன் சாமி மாதிரி கும்பிடணும்?

மாலைவகுப்பு மணி:
சாமி கும்பிடுறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். 2013ல அமெரிக்காவுல சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகம் யுடாசிட்டிங்கிற ஆன்லைன் கோர்ஸ் கம்பெனியோட சேர்ந்து அடிப்படைக் கணக்குப் பாடத்தை ஆன்லைன்ல விட்டுப் பார்த்துச்சு. வசந்த பருவத்துல தேர்ச்சி நேரடி வகுப்பை விட ரொம்ப மோசமா வந்துச்சு, ஜூலையிலயே நிறுத்தி வச்சாங்க. கோடையில நல்லா வந்துச்சேன்னு கேப்பீங்க, எனக்குத் தெரியும். கோடையில சேர்ந்தவங்கள்ல பாதிக்கு மேல ஏற்கெனவே பட்டம் வாங்கினவங்க! கணக்கு தெரிஞ்சவனுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்து "பாரு, வேலை செய்யுது"ன்னு கை தட்டிக்கிட்டாங்க. ஏற்கெனவே படிக்கத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் வேலை செய்யும். முதல் தடவை படிக்க வர்றவனைப் பத்தித்தான் நான் பேசுறேன், நூத்துக்கு மூணுல அவன் இருக்கவே மாட்டான்.

நூலகத்து நிலா:
மணி ஐயா சொல்ற ஆளை நான் தினமும் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுறதுக்கு ஒரு ஆப் வந்துச்சு, நல்ல ஆப்தான், குறை சொல்லல. ஆனா உள்ள போகணும்னா பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி இருக்கணும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். படிக்கக் கத்துக்க வந்தவங்க அதைப் படிச்சாத்தான் படிக்கவே ஆரம்பிக்க முடியும். ஓடிபி மகனோட போனுக்குப் போகும், மகன் வேலையில இருப்பான், அவன் எடுத்துச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சு சிவப்பு எழுத்துல ஏதோ வரும். அதைப் பார்த்ததும் அந்தம்மா "நான் ஏதோ கெடுத்துட்டேன் போல"ன்னு போனை மேசையில வச்சுட்டுக் கையை மடியில வச்சுக்குவாங்க. இதை வடிவமைச்சவங்க ஒரு நாள் வந்து என் பக்கத்துல உக்காரட்டும்.

கோர்ஸ்பில்டர்:
இது டிசைன் குறை, டெக்னாலஜி குறை இல்ல. குரல்ல லாகின் பண்ணலாம், பொத்தானுக்கு எழுத்துக்குப் பதில் படம் போடலாம், எழுதினதை வாசிச்சுக் காட்ட வைக்கலாம். பார்வை இல்லாதவங்க திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வச்சு அச்சுப் புத்தகத்துல முடியாததைப் படிக்கிறாங்க, காது கேக்காதவங்களுக்கு சப்டைட்டில் இருக்கு. மோசமா செஞ்ச ஒரு ஆப்பைக் காட்டி எல்லாத்தையும் தப்புன்னா, நானும் மோசமான ஒரு வாத்தியாரைக் காட்டி எல்லா வகுப்பையும் மூடச் சொல்லலாமா?

மாலைவகுப்பு மணி:
நேத்து அதைத்தானே சொன்னீங்க, மூடச் சொல்லி!

வெல்டிங் செல்வம்:
அடிச்சாரு பாருங்க மணி அண்ணன்.

கோர்ஸ்பில்டர்:
செல்வம், உங்களுக்கு என் மேல என்ன கோவம்னு எனக்குத் தெரியும். போன விவாதத்துல தியரித் தேர்வை ஆன்லைன்ல வைக்கலாம்னு சொன்னதுக்கு இன்னும் மறக்கல. மனசுல வச்சுக்கிட்டு இங்க வந்து ஜால்ரா தட்டாதீங்க.

வெல்டிங் செல்வம்:
மறக்க மாட்டேன். ஒருத்தன் பேர்ல இன்னொருத்தன் உக்காந்து க்விஸ் எழுதினா யாருக்குத் தெரியும்னு கேட்டேன், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. அவன் நாளைக்குத் தண்ணித் தொட்டியில வைக்கிற ஜாயின்ட் பிச்சுக்கிட்டா உங்க சர்டிபிகேட்டை வச்சு அடைப்பாங்களா?

தையல் டீச்சர்:
நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், கோர்ஸ்பில்டர் சார் பதில் சொல்லணும். நான் எடுத்த வீடியோக்களை எல்லாம் நான் வேலை பார்த்த பயிற்சி மையம் அவங்க தளத்துல ஏத்திக்கிட்டாங்க. அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடல. கேட்டா "பாடம்தான் ஏற்கெனவே இருக்கே"ன்னாங்க. என் கை, என் குரல் அதுல ஓடுது, எனக்கு ஒரு ரூபா இல்ல. அங்க சந்தேகம் வந்தா யாரைக் கேக்கிறாங்கன்னா, என் பழைய மாணவிகளே எனக்குப் போன் பண்றாங்க, நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். டெக்னாலஜி எனக்குப் பிடிக்கும், இப்பவும் வீடியோ எடுக்கிறேன். ஆனா இது நியாயமா?

கோர்ஸ்பில்டர்:
அது ஒப்பந்தப் பிரச்சனை டீச்சர், வருத்தமான விஷயம்தான். அதையும் இந்த விவாதத்தையும் கலக்க வேண்டாம். நான் பேசுறது கத்துக்கிறவங்களைப் பத்தி.

மாலைவகுப்பு மணி:
இதுதான் விவாதமே! இதைக் கலக்காம வேற எதைக் கலக்கிறது? ஒரு பொம்பளை தன் வேலையை எளிசாக்க ஆசையா வீடியோ எடுத்துக் குடுக்குறாங்க, அதை வச்சே அவங்களை வெளியில அனுப்புறாங்க, சந்தேகம் கேக்க ஆள் இல்லாம அந்தப் பொண்ணுங்க சம்பளம் வாங்காத டீச்சருக்குப் போன் பண்றாங்க. அந்த மையத்தோட கணக்குல இது "ஆன்லைன்ல இத்தனை பேர் முடிச்சாங்க"ன்னு போகும், உங்க 46 மாதிரியே. முடிக்க வச்சது யாரு? போன்ல பதில் சொன்ன டீச்சர். இவங்களை எந்தக் கட்டுரையில எண்ணுவாங்க? எத்தனை கோர்ஸ் உங்க கை வழியா போயிருக்கும், பாடம் எடுத்தவங்களுக்குப் பங்கு இருக்கான்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? நேரடியா சொல்லுங்க தம்பி.

கோர்ஸ்பில்டர்:
மறுபடியும் தம்பி. கட்டுரையில இருக்கிறது 46, அது என் நம்பர் இல்ல. என் வேலையைப் பத்தி உங்களுக்கு எதுவும் தெரியாது, தெரியாம குத்தம் சொல்லாதீங்க. நான் செய்ற கோர்ஸ்ல வாரம் ஒரு தடவை ஆள் வந்து பேசுற மாதிரிதான் வைக்கிறேன்.

நூலகத்து நிலா:
ஆள் வந்து பேசுற மாதிரியா? அப்ப நேத்து ஆள் வேண்டாம்னு எழுதினது யாரு?

கோர்ஸ்பில்டர்:
வகுப்பறை வேண்டாம்னு எழுதினேன். ஆள் வேண்டாம்னு எழுதல. போய் மறுபடி படிங்க.

தையல் டீச்சர்:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல சார்.

வெல்டிங் செல்வம்:
வராது டீச்சர். நான் போன விவாதத்துல இருந்து காத்துக்கிட்டு இருக்கேன்.