மைக்ரோகிளியா: நுண்பசையணுவா, நுண்காவலணுவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தண்டுவடத்தின் நோயெதிர்ப்புக் குறிகைகள் நாட்பட்ட நரம்புவலியை எவ்வாறு வளர்க்கின்றன என்பதைத் தமிழில் எழுத முனைந்தால், முதலில் இடறுவது, மூளையிலும் தண்டுவடத்திலும் வாழும் நோயெதிர்ப்பு அணுக்களைக் குறிக்கும் மைக்ரோகிளியா என்னும் சொல்தான். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இக்குழுவில் முன்வைக்கப்பட்ட 'நுண்பசையணு', 'நுண்காவலணு' ஆகிய இரண்டையுமே என்னால் ஏற்க இயலவில்லை.

'பசை' கிளியா என்னும் கிரேக்க வேர்ச்சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. நரம்பணுக்களை ஒட்டிவைக்கும் பொருள் என்று கருதி ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ 1856இல் நியூரோகிளியா எனப் பெயரிட்டார். அக்கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. வேர்ப்பொருள் மங்கிவிட்டதால் ஆங்கிலத்தில் அது எவரையும் உறுத்துவதில்லை. தமிழில் பசை என்றதும் கோந்துப் புட்டியே நினைவுக்கு வரும். அதுவுமன்றி, 1919இல் ஸ்பானிய ஆய்வாளர் ரியோ ஒர்த்தேகா தனி வகையாக இனங்காட்டிய இவ்வணுக்கள், ஏனைய கிளியாக்களை (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் அணுக்களை) போல நரம்புத்திசுவின் மூலத்திலிருந்து பிறப்பவை அல்ல. கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளையிலும் தண்டுவடத்திலும் குடியேறியவை. கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்கும் பெருவிழுங்கணுக்களே இவற்றின் நெருங்கிய சுற்றம்.

'காவல்' இதனினும் மேல் என்றாலும், வலியைப் பற்றி எழுதும்போது அச்சொல்லே வாசகரைத் திசைதிருப்பும். காலிலோ கையிலோ ஒரு நரம்பு அடிபட்டால், காயமே இல்லாத தண்டுவடத்தின் பின்கொம்பில் (உணர்வுச் செய்திகள் வந்துசேரும் பகுதியில்) இவ்வணுக்கள் பெருகி, பி2எக்ஸ்4 என்னும் ஏற்பியைத் தம்மேல் மிகுதியாகத் தாங்குகின்றன. அதைத் தடுத்தால், மெல்லத் தொட்டாலே வலிக்கும் நிலை தணிவதை 2003இல் எலிகளில் கண்டனர். அணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. அந்த ஏற்பியைத் தூண்டும்போது இவை பி.டி.என்.எப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் வலிச்செய்தியை மேலே அனுப்பும் நரம்பணுக்கள் குளோரைடை வெளியேற்றும் திறனை இழக்க, அவற்றை அடக்கவேண்டிய காபா என்னும் வேதிப்பொருளின் பிடி தளர்கிறது, சில வேளைகளில் அதுவே தூண்டுதலாகவும் மாறிவிடுகிறது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. கள்வன் போன பின்னும் ஊரைத் தூங்கவிடாமல் தண்டோரா போடுபவனைக் காவலன் என்று எப்படி அழைப்பது? போதாக்குறைக்கு, இவ்வணுக்களை முடக்கினால் ஆண் சுண்டெலிகளுக்கு வலி குறைகிறது, பெண் சுண்டெலிகளுக்குக் குறைவதில்லை. அங்கே வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்கள் அந்த வேலையைச் செய்வதாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பாலுக்குப் பால் வேறுபடும் செயலைப் பெயரில் பூட்டுவது சரியன்று.

ஆகவே உருவத்தைக் கொண்டு 'நுண்கிளையணு' எனலாம் என்பது என் பரிந்துரை. அமைதி நிலையில் மெல்லிய கிளைகளைப் பரப்பிச் சுற்றுப்புறத்தைத் துழாவுவதே இவற்றின் தோற்றம். தூண்டப்பட்டால் அவை தடித்துக் குறுகும். கிளியாவின் ஒலியும் இச்சொல்லில் ஒட்டி நிற்கிறது; கிளை என்றால் சுற்றம் என்னும் பழம்பொருள் உண்டென்பதையும், இது கொஞ்சம் ஆசை என்று ஒப்புக்கொண்டே, குறிப்பிடுகிறேன். 'நுண்கிளையணுத் தூண்டல்', 'நுண்கிளையணுப் பெருக்கம்' என்று தொடர்களும் இடறாமல் அமைகின்றன.

இதற்கு ஒரே தடை, நரம்பணு செய்திகளைப் பெறும் நீட்சியான டென்ட்ரைட். நரம்பணுவின் அவ்வுறுப்பையும் கிளை என்று எழுதுவோர் இருந்தால், இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது குழப்பம் நேரும். அதற்கு வேறு சொல்லை ஏற்கெனவே கையாள்பவர்கள் அதை இங்கே எழுதினால், கலைச்சொல் அட்டவணையில் இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடலாம்.