கோழி இறகை மக்க வைத்துக் கீரைப் பாத்திக்குப் போடலாமா?

நிபோங்திபால்_செம்மண்:
கோழி அறுக்கும் ஆலைகளில் இறகு மூட்டை மூட்டையாகக் குப்பைமேட்டுக்குப் போவது பெரிய நஷ்டம். காய்ந்த இறகில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 15 விழுக்காடு. காய்ந்த மாட்டுச் சாணத்தில் 2 விழுக்காடு அளவுதான். 100 கிலோ ஈர இறகில் 70 கிலோ தண்ணீர். அதோடு 300 கிலோ மரத்தூள் சேர்த்தால் கரி–தழைச்சத்து (கார்பன்–நைட்ரஜன்) விகிதம் 25:1 பக்கம் வரும். 150 லிட்டர் தண்ணீரும் தெளிக்கணும். கலவையைக் கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் விழணும்.

கீரைப்பாத்தி_பத்துமாவுங்:
அண்ணே, கணக்கு தாளில் சரி, குவியலில் சரிவராது. மரத்தூளின் கரி நுண்ணுயிருக்குச் சீக்கிரம் கிடைக்காது. சூடேறி இறகு கரையத் தொடங்கியதும் அம்மோனியா கிளம்பி மூக்கை எரிக்கும். நீங்கள் பெருமையாகச் சொன்ன தழைச்சத்து காற்றோடு போச்சு. மரத்தூளில் பாதியை எடுத்துவிட்டு, அதைப்போல இரண்டு மடங்கு எடையில் அரைத்துக் காயவைத்த செம்பனை வெற்றுக்குலை (எண்ணெய்ப் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) நாரைப் போடுங்க. இன்னொன்று, நனைந்த இறகு பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்றுப் போகாமல் அழுகும். நறுக்காமல் போடவே கூடாது.

என் பெரிய கவலை சால்மொனெல்லா, வயிற்றைக் கெடுக்கும் கிருமி. கங்கோங், சாவி கீரை எல்லாம் மண்ணை ஒட்டி வளருது. ஆலையில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்த இறகுத் தூளே மேல்.

நிபோங்திபால்_செம்மண்:
நார் விஷயம் ஒத்துக்கிறேன். நீராவி தேவை என்பதை ஏற்க மாட்டேன். நீளக் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல்: இதுவே கிருமியை அடக்கும் முறை.

கீரைப்பாத்தி_பத்துமாவுங்:
நடுவில் 60 டிகிரி காட்டும், ஓரம் வெதுவெதுப்பாகத்தான் கிடக்கும். ஓரத்தில் கிடந்தது ஒவ்வொரு புரட்டலிலும் நடுவுக்குப் போகணும். மேலோட்டமாகக் கிளறிவிட்டு 5 முறை என்று எண்ணுவது ஏமாற்று.

மழைக்கூரை:
இங்கே பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையை யாருமே பேசலையே! கூரையும் சிமெண்டுத் தரையும் இல்லாமல் தொடங்காதீங்க. குவியலில் வடியும் நீரைச் சூடு ஏறும் முன்பு மட்டும் திருப்பி ஊற்றலாம். சூடு தணிந்த பிறகு ஊற்றினால் கிருமி மறுபடி ஏறும். பச்சை இறகு அள்ளிய மண்வெட்டியும் முடிந்த உரத்துக்கு ஆகாது.

நிபோங்திபால்_செம்மண்:
சரியான பேச்சு. முடிந்ததா என்று பார்க்க, ஈர உரத்தை ஒரு பையில் 3 நாள் கட்டி வைங்க. திறக்கும்போது காரநெடி வந்தால் ஆகலை. இறகுத் தண்டை நகத்தால் அழுத்தினால் பொடியணும். வளைந்தால் இன்னும் விடணும்.