ஆர்ட்டிமிசினினுக்குப் ‘பகுதி மருந்தெதிர்ப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மலேரியா ஒட்டுண்ணி ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்துக்குக் காட்டும் எதிர்ப்பை உலக சுகாதார நிறுவனம் ‘பகுதி’ என்னும் அடையோடு குறிப்பதால், தமிழிலும் ‘பகுதி மருந்தெதிர்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுண்ணிகளுள் ஒரு பகுதிக்குத்தான் எதிர்ப்பு உண்டு என்றோ, மருந்து பாதியளவே வேலை செய்கிறது என்றோ படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது வேறு.

இன்னொரு மலேரியா மருந்தான குளோரோகுயினை முதலில் பார்ப்போம். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைச் செரிக்கும் ஒட்டுண்ணி, அப்போது வெளிப்படும், இரும்பு கொண்ட நச்சுப்பொருளான ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கிவிட்டுத்தான் பிழைக்கிறது. குளோரோகுயின் இந்தச் செரிமானம் நடக்கும் குமிழிக்குள் சேர்ந்து அந்தப் படிகமாதலைத் தடுக்கிறது. குமிழியின் சவ்விலுள்ள கடத்திப் புரதத்தில் 76ஆம் இடத்து அமினோ அமிலமான லைசின் திரியோனினாக மாறிவிட்டால், அப்புரதம் மருந்தையே குமிழியிலிருந்து வெளியேற்றுகிறது. இதை மருந்தெதிர்ப்பு என்பதில் யாருக்கும் தயக்கமிருக்காது.

ஆர்ட்டிமிசினின் விஷயத்தில் இப்படி வெளியே தள்ளும் வேலையே இல்லை. அம்மருந்தின் பெராக்சைடுப் பிணைப்பு உடைந்தால்தான் அது செயல்படும். உடைப்பது ஹீமிலுள்ள இரும்பு. கெல்ச்-13 புரதத்தில் சடுதிமாற்றம் பெற்ற ஒட்டுண்ணி, சிவப்பணுவுக்குள் புகுந்த தொடக்க மணிநேரங்களில், அதாவது வளையப் பருவத்தில், ஹீமோகுளோபினைக் குறைவாகவே உட்கொள்கிறது. ஹீம் குறைவதால் மருந்து போதிய அளவு கிளர்வதில்லை. மருந்தோ சில மணிநேரத்தில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடுவது. அதுவரை வளர்ச்சியை மந்தமாக்கிக்கொண்டு காத்திருந்த ஒட்டுண்ணி மீண்டும் வளரத் தொடங்குகிறது. முதிர்ந்த பருவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரிதாகக் கிடைப்பதில்லை. ஆய்வகச் சோதனையும் இதையொட்டியே அமைந்திருக்கிறது: சிவப்பணுவில் புகுந்து 3 மணிநேரத்துக்கு மேற்படாத வளையங்களை 6 மணிநேரம் மருந்தில் வைத்து, பிறகு கழுவி, பிழைத்தவை எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஆர்ட்டிமிசினினோடு சேர்த்துத் தரப்படும் கூட்டுமருந்து நன்றாக வேலை செய்தால் நோயாளி பெரும்பாலும் குணமாகிவிடுகிறார், ஒட்டுண்ணி நீங்கத்தான் தாமதமாகிறது. ‘பகுதி’ என்ற அடைக்குக் காரணம் இவ்வளவே.

அப்படியானால் ‘தாங்குதிறன்’ என்றே சொல்லிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. காதுக்கு இனிய சொல்தான். ஆனால் பாக்டீரியாவில் மரபுவழி வராத, தற்காலிகமான தாக்குப்பிடிப்பும் உண்டு; ‘தாங்குதிறன்’ என்றால் படிப்பவர் அதையே நினைத்துக்கொள்ளக்கூடும். இங்கே பேசப்படுவது தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் பண்பு. கெல்ச்-13இன் 580ஆம் இடத்துச் சிஸ்டீன் டைரோசினாக மாறிய வகை தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் வட்டாரத்தில் பரவியதும், 561ஆம் இடத்தில் மாறிய வேறொரு வகை ருவாண்டாவில் தனியே தோன்றியதும் மரபணு வழியாகத்தான். ஆகவே ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை விட்டுவிட முடியாது.

என் பரிந்துரை ‘வளையப்பருவ மருந்தெதிர்ப்பு’. சற்று நீளம்தான், ஆயினும் எந்தப் பருவத்தில் என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘வளையப்பருவ எதிர்ப்புள்ள ஒட்டுண்ணி’ என்று பெயரடையாக்கவும் இடமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது மட்டும் ‘பகுதி’ இருக்கட்டும். இதோடு, ‘மலேரியா எதிர்ப்பு மருந்து’ என்பதை ‘மலேரியா மருந்து’ என்று சுருக்கிக்கொண்டால், ஒரே பத்தியில் எதிர்ப்பவர் யார், எதிர்க்கப்படுவது எது என்ற குழப்பமும் தீரும்.